'ம்' என்று சொன்னேன்

பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருப்பது விமானம்தான், காத்தமுத்து. நிஜ விமானம். டோல்கேட்டில் அந்த ஆள், "என்ன சார், ஷூட்டிங்கா?" என்று கேட்டபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். பார்த்தேன். சிரிப்பதில் தப்பில்லை. இறக்கையைக் கழற்றி, மெத்தை வைத்துச் சாய்த்து, வாலில் சிவப்புத் துணி கட்டி ஈச்சர் வண்டியில் ஏற்றினால் எதைப் பார்த்தாலும் சிரிப்புத்தான் வரும். என்னை ஏற்றினாலும் வரும். ஏற்றித்தானே இருக்கிறது?

மெதுவாகவே போங்கள். நான்கு மணிக்கு ஓசூர் போனால் போதும். அங்கே ரிப்பேர் பட்டறையில் விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் இருப்பார்கள். விமானத்தைப் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். இந்த ஃபைலில் ஒரு படிவம் இருக்கிறது. அதை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். கிளப் செயலாளர், "நீங்க ஏன் சார் லாரில? கார் அனுப்புறேன்" என்றார். வேண்டாம் என்றேன். நான் கூட வராவிட்டால் ஓசூர் போய்ச் சேருவதற்குள் மிச்சத்தையும் உடைத்துவிடுவார்கள். உங்களைச் சொல்லவில்லை.

முதலில் உடைத்தது யார் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் சொல்லப்போகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பெயர் ஏசுவடியான். விங் கமாண்டர் ஏசுவடியான். விமானப்படையில் இருபத்தாறு வருஷம். ஆறாயிரத்து நானூறு மணி நேரம் ஆகாயத்தில் இருந்திருக்கிறேன். அதில் பாதி, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நேரம். என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் இன்றைக்குப் பெரிய விமானங்களில் கேப்டன்கள். ஒருவன் போன கிறிஸ்துமஸுக்குக்கூட கேக் அனுப்பினான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வேலங்குடிப் பொட்டலில் என்னை எங்கே உட்காரவைத்தார்கள் தெரியுமா? இடது பக்கம்.

உங்களுக்கு அது தெரியாது. பயிற்சி விமானத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். இரண்டு பேர் முன்னாலும் ஒரு ஸ்டிக் இருக்கும். உங்கள் ஸ்டியரிங் மாதிரி. இடது இருக்கை மாணவனுக்கு. வலது இருக்கை வாத்தியாருக்கு. அந்த இருபத்தாறு வருஷத்தில் பாதி வலது பக்கம் உட்கார்ந்தவன் நான். அறுபத்தொரு வயதில் என்னை இடது பக்கம் உட்காரச் சொன்னார்கள்.

ஆமாம், இப்போதும் இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல கண்டுபிடிப்பு. ரோட்டைப் பாருங்கள்.

வேலங்குடியில் இருப்பது யுத்த காலத்து ரன்வே. நடுவில் வெடிப்பு, வெடிப்பில் புல், புல்லில் ஆடு. அதைச் சீர்படுத்தி ஒரு கிளப் தொடங்கினார்கள். சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. இலகு ரக விமானம் என்று பெயர். இரண்டு பேரும் பெட்ரோலும் சேர்த்து அறுநூறு கிலோவுக்குள் அடங்கிவிடும். நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு வாங்குகிற அரிசி அதைவிடக் கனம். பேப்பரில் விளம்பரம் வந்தது, பயிற்றுநர் தேவை என்று. போனேன். செயலாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும் சார்" என்றார். காபி வந்தது. அதுவரை எல்லாம் சரி.

காபி முடிந்ததும் சொல்கிறார், "ஒரே ஒரு சின்ன விஷயம் சார். ரூல்."

என்ன ரூல்? இந்த ரகத்தில் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால், இந்த ரகத்திலேயே ஐந்து மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டுமாம். வேறு எதில் எத்தனை ஆயிரம் மணி ஓட்டியிருந்தாலும் கணக்கில்லையாம். அந்த ஐந்து மணி நேரமும் இதற்கு அனுமதி வாங்கிய பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து மணி முடிந்ததும் என் லாக்புக்கில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், 'இவர் கற்றுக்கொடுக்கத் தகுந்தவர்' என்று.

எனக்கு! தகுந்தவர் என்று!

நான் கேட்டேன், "ஏம்ப்பா, லாரி ஓட்டுறவனுக்கு டிவிஎஸ் பிப்டி ஓட்ட லைசென்ஸ் கேப்பீங்களா?" அவர் சிரித்தார். ஆனால் ரூல் மாறவில்லை. என்ன, உங்களிடமே கேட்டார்களா? டூவீலர் லைசென்ஸ் தனியாகவா எடுத்தீர்கள்? சரி விடுங்கள். அது வேறு.

யார் அந்தப் பயிற்றுநர் என்றால், அங்கயற்கண்ணி. பெயரைப் பாருங்கள். லாக்புக் கட்டத்துக்குள் அடங்காது. கிளப்பில் எல்லோரும் 'கயல் மேடம்' என்பார்கள். வயது இருபத்தெட்டு. என் மகளைவிட நான்கு வயது சின்னவள். அரியலூர்க்காரி. மொத்தமே எண்ணூறு மணி நேரம் பறந்திருக்கிறாள். எண்ணூறு! ஆனால் இந்தச் சின்ன வண்டியில் அறுநூறு. அதனால் அவள் வலது பக்கம், நான் இடது பக்கம்.

மரியாதையான பெண். அதைச் சொல்லியாக வேண்டும். எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாளே சொன்னாள், "சார், நீங்க எவ்ளோ பெரிய ஆளுன்னு தெரியும் சார். ஆனா இது வேற மாதிரி சார். பெரிய வண்டில த்ராட்டில மூடினா அந்தக் கனத்துலயே கொஞ்ச தூரம் போவும். இதுல மூடினீங்கன்னா அப்படியே நின்னுரும். காத்தடிச்சா பட்டம் மாதிரி தூக்கும். கடைசி அம்பதடி வரைக்கும் கைய எடுக்கக் கூடாது சார்."

நான் என்ன சொன்னேன்? 'ம்' என்று சொன்னேன்.

அப்புறம் அவள் சொன்னாள், "ஸ்டிக்க உங்ககிட்ட குடுக்கறப்போ 'யு ஹேவ் கன்ட்ரோல்'னு சொல்லுவேன் சார். நீங்க 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு சொல்லணும். சொன்னாதான் நான் கைய எடுப்பேன்."

எனக்கு வந்ததே கோபம். "ஏம்மா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இதச் சொல்லிக்குடுத்தவன் நான். எங்கிட்டயே பாடம் எடுக்கியா?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "சாரி சார்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

நான் சொன்னது பொய்யில்லை. இரண்டு பேர் கையிலும் ஸ்டிக் இருக்கிற வண்டி. யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு நொடி குழப்பம் வந்தாலும் சாவுதான். அதனால்தான் அந்த வார்த்தைகள். ஒருவர் 'உன்னிடம் கொடுத்தேன்' என்பார். மற்றவர் 'வாங்கிக்கொண்டேன்' என்பார். அதற்குப் பிறகுதான் கொடுத்தவர் கையை எடுப்பார். ஒரு தடவை பயிற்சித் தளத்தில் ஒரு பையன். நல்ல கை அவனுக்கு. பிறவி விமானி. நான் 'யு ஹேவ் கன்ட்ரோல்' என்றேன். அவன் தலையை ஆட்டினான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். மறுநாளும் தலையை ஆட்டினான். மூன்றாம் நாள் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினான். நான்தான் எழுதி அனுப்பினேன், லாயக்கில்லை என்று. அவன் அப்பா வந்து கேட்டுக்கு வெளியே இரண்டு நாள் நின்றார். நான் பார்க்கவில்லை. நான் செய்தது சரியா தப்பா? சொல்லுங்கள்.

'ம்' என்கிறீர்கள். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன்.

அப்படிக் கறாரான ஆள் நான். என்னைப் போய்...

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி ஜெபமணி சொல்லுவாள், "உங்க 'ம்'முக்கு நாலு அர்த்தம் இருக்கு. முப்பத்தஞ்சு வருசத்துல மூணு கண்டுபிடிச்சிட்டேன்." ஒன்று, காதில் விழுந்தது. இரண்டு, அப்புறம் பார்க்கலாம். மூன்று, வாயை மூடு. நான்காவது என்னவென்று தெரியாமலே போய்ச்சேர்ந்துவிடுவேன் என்பாள். பொம்பளைகள் பேச்சு. என் மகள் பியூலா போனில் கேட்டாள், "அப்பா, சஞ்சய்னு ஒருத்தர், கூட வேல பாக்காரு, எங்களுக்குள்ள பிடிச்சிருக்கு." நான் 'ம்' என்றேன். காதில் விழுந்தது என்று அர்த்தம். அவர்கள் என்ன செய்தார்கள்? பத்திரிகை அடித்துவிட்டார்கள்! எங்கள் சர்ச்சில் இல்லை, அவன் ஊரில், கோயில் கல்யாணம். கேட்டால், "அப்பா சரின்னுதானே சொன்னீங்க" என்கிறாள். நான் எங்கே சரி என்றேன்? என் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு சொல் வந்ததா? மனுஷன் பேசுவதை ஒழுங்காகக் கேட்காமல் அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். இந்த நாட்டில் பாதி தகராறு இதனால்தான்.

பஸ்ஸைப் போகவிடுங்கள். நமக்கு அவசரமில்லை.

சரி. ஐந்து மணி நேரம். தினம் காலையில் முக்கால் மணி, ஒரு மணி. அவள் சொல்லுவாள், நான் ஓட்டுவேன். "சார், ஸ்பீட் கொறையுது சார்." ம். "சார், லேசா வலது கால்." ம். "சூப்பர் சார்." ம். அவள் ஏதாவது காட்டுவதற்காக ஸ்டிக்கை வாங்குவாள், திருப்பிக் கொடுப்பாள், 'யு ஹேவ் கன்ட்ரோல்' என்பாள். ம். நான் பிடித்துக்கொள்வேன். ஒருநாளும் தகராறு இல்லை. நான்கு மணி ஐம்பது நிமிஷம் முடிந்தது. பத்து நிமிஷம் பாக்கி. ஒரே ஒரு சுற்று. ஏறி, ஒரு வட்டம் போட்டு, இறங்கினால் கையெழுத்து.

ஆடி மாதம். அந்தப் பொட்டலில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நீங்களே பெரம்பலூர் ஆத்தூர் ரூட்டில் பதினோரு வருஷம் பஸ் ஓட்டினவர் என்றீர்களே. இடது பக்கத்திலிருந்து காற்று. அவள் சொன்னாள், "சார், காத்து குறுக்க அடிக்குது. எப்படி வரணும்னு கொஞ்ச தூரம் நான் காட்டறேன், கடைசில நீங்க எறக்குங்க."

காட்டினாள். ரன்வேக்கு நேராக வந்தோம். உயரம் நூறு அடி இருக்கும். அப்போது சொன்னாள், "யு ஹேவ் கன்ட்ரோல் சார்."

நான் 'ம்' என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டு விநாடி. விமானத்தில் எல்லாம் பதிவாகிற பெட்டி ஒன்று உண்டு, அதிலிருந்து எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள், எட்டு விநாடி என்று. அந்த எட்டு விநாடியும் விமானம் தானாகவே போயிருக்கிறது. நல்ல பிள்ளையாக நேராகப் போயிருக்கிறது. அவள் நான் ஓட்டுகிறேன் என்று நினைத்தாள். நான் அவள் ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒன்பதாவது விநாடியில் காற்று இடது இறக்கையைத் தூக்கியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "என்னம்மா பாத்துட்டு இருக்கே?" என்றேன். "சார், நீங்க!" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டிக்கைப் பிடித்தோம். நான் இழுத்தேன். அவள் தள்ளினாள். மூக்குச் சக்கரம் முதலில் போய்த் தரையில் மோதியது. கால் ஒடிந்தது. முன்னால் சுற்றுகிற காற்றாடி தரையில் அடித்துச் சில்லுச் சில்லாகப் போனது. சறுக்கிக்கொண்டு போய்க் கருவேல முள்ளில் நின்றோம்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

முதலில் ஓடிவந்தது ஆடு மேய்க்கிற ஒரு பெண். மூச்சு வாங்க வந்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்கவில்லை. "யாருங்க ஓட்டுனது?" என்று கேட்டாள்.



இப்போது சொல்லுங்கள், யார் மேல் தப்பு? நான் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொன்னேனா? சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவள் கையை எடுத்திருக்கலாமா? கூடாது. அவளே முதல் நாள் சொன்ன விதி அது. பதிவேட்டில் பயிற்றுநர் என்று யார் பெயர் இருக்கிறது? அவள் பெயர். பயிற்றுநர்தான் பொறுப்பு. இந்தப் படிவத்தைப் பாருங்கள்... நீங்கள் ரோட்டைப் பாருங்கள், நான் படிக்கிறேன். 'தரையிறங்கும் நேரத்தில் விமானம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது?' இரண்டு கட்டம். பயிற்றுநர். பயிற்சி பெறுபவர். பயிற்றுநர் என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். காலையிலேயே போட்டுவிட்டேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

அந்தப் பெண் என்ன ஆகும் என்றால்... கற்றுக்கொடுக்கிற அனுமதியை எடுத்துவிடுவார்கள். அவளிடம் இப்போது பதினொரு பேர் படிக்கிறார்கள். அவர்களை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன வயது. வேறு ஏதாவது கிடைக்கும். அதற்கு நான் என்ன செய்வது? நான் மற்றக் கட்டத்தில் டிக் போட்டால் என் விண்ணப்பம் போயிற்று. நான்கு மணி ஐம்பது நிமிஷமும் போயிற்று. விங் கமாண்டர் ஏசுவடியான் ஒரு பொம்மை விமானத்தை இறக்கத் தெரியாமல் மூக்கை உடைத்தான் என்று கேக் அனுப்புகிறவன் வரைக்கும் செய்தி போகும்.

கோபம் எனக்கு அதில்கூட இல்லை. அவள் எழுதிக்கொடுத்த அறிக்கை இருக்கிறதே, அதில்தான். நகல் எனக்கும் கொடுத்தார்கள். ஒரு பக்கம்தான். 'நான் யு ஹேவ் கன்ட்ரோல் என்றேன். அவர் ம் என்றார்' என்று எழுதியிருக்கிறாள். இங்கிலீஷில். எச், எம், எம். அரசாங்க அறிக்கையில்! நாளைக்கு யார் யாரோ உட்கார்ந்து படிக்கப்போகிற காகிதத்தில் என் வாயிலிருந்து வந்தது என்று எச், எம், எம்! இருபத்தாறு வருஷத்தில் என்னைப் பற்றி எவனும் இப்படி எழுதியதில்லை.

அதற்குக் கீழே இன்னொரு வரி. அதைப் படித்தால் உங்களுக்கே தெரியும் எவ்வளவு அழுத்தம் என்று. 'அவர் மூத்தவர் என்பதால், வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று இன்னொரு முறை கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு.'

பார்த்தீர்களா? என்னைக் குற்றம் சொல்லி நாலு வரி எழுதியிருந்தால் நான் நாற்பது வரியில் பதில் எழுதியிருப்பேன். தப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கட்டுப் போட்ட கையால் காகிதத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. இதற்கு என்ன பதில் எழுதுவது? பெரிய மனுஷி! யார் இவளைக் கேட்டது? இருபத்தெட்டு வயதில் இவ்வளவு...

ம்.

ஐயோ! பிரேக்! பிரேக்கைப் போடுங்கள் ஐயா!

என்ன ஓட்டுகிறீர்கள் நீங்கள்? காலேஜ் பஸ் வருவது கண்ணில் படவில்லையா? பின்னால் கயிறு முறுக்கிய சத்தம் கேட்டதா? அந்த இறக்கை ஒரு அங்குலம் நகர்ந்திருந்தால்...

என்ன? என்னிடமா கத்துகிறீர்கள்? நான் என்ன செய்தேன்? மாற்றுப்பாதைக்கு இடது பக்கம் ஒடிக்கப்போகிறேன், வண்டி ஏதாவது வருகிறதா என்று கேட்டீர்கள். நான் 'ம்' என்றேன். பேசிக்கொண்டிருந்தேன் இல்லையா? 'ம்' என்றால் வருகிறது என்று... வரவில்லை என்று... 'இரு' என்றுதான்...

யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள். "ம்முன்னா வருதா வரலையா, வாயத் தொறந்து சொல்லித் தொலைய மாட்டியா" என்று என்னை... என்னிடம் இதுவரை ஒருவனும்...

ஓரம் கட்டுங்கள். அந்த டீக்கடையில் நிறுத்துங்கள். இறக்கையைப் பார்க்க வேண்டும்.

இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தைதான் நழுவியிருந்தது. சரி பண்ணிவிட்டேன். டீ எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

இல்லை, கோபம் இல்லை. உட்காருங்கள். 'தொலை' என்று சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வண்டி உங்களுடையது. ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தது.

என்ன சொன்னீர்கள்? பஸ்ஸில் விசில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. தெரியும். நானும் பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒன்றும் இல்லாமல் ரெண்டும் இல்லாமல் கண்டக்டர் சும்மா இழுத்து ஊதினால் எடுக்கவே மாட்டீர்களா? பதினோரு வருஷமும்? வெளியே எட்டிப் பார்த்து, "யோவ், ஒழுங்கா ஊது" என்று கத்துவீர்களா? கண்டக்டர் உங்களைவிட வயதில் பெரியவராக இருந்தாலுமா?

அவள் கத்தியிருக்க வேண்டும். அதைத்தான் நானும் சொல்கிறேன். "யோவ் ஏசுவடியான், ஒழுங்கா சொல்லு" என்று கத்தியிருக்க வேண்டும்.

கத்த விட்டேனா என்று கேட்கிறீர்கள். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

என்ன 'ம்' அது? அந்தக் கடைசி 'ம்'? எல்லோரும் என்னைக் கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று. என்ன நினைத்துச் சொன்னீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். உங்களோடு இருக்கட்டும்.

அவள் அன்றைக்கு வந்த விதம் இருக்கிறதே, அந்தக் குறுக்குக் காற்றில், இடது இறக்கையை ஒரு மயிரிழை தாழ்த்தி, எதிர்ப்பக்கப் பெடலைக் காலால் அழுத்தி, விமானத்தை ஒரு கோட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி. ஆறாயிரத்து நானூறு மணி நேரத்தில் இவ்வளவு சுத்தமாக வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தொடை மேல். இதை இவளிடம் சொல்லக்கூடாது, சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். 'எப்படி சார்?' என்று கேட்கிறாளாக்கும் என்று பட்டது. அதற்குத்தான் சொன்னேன்.

'ம்'. நன்றாக இருக்கிறது என்று.

ஜெபமணிக்குத் தெரியாத நான்காவது இதுதான். சிரிக்காதீர்கள்.

முப்பத்தைந்து வருஷம். அவள் குழம்பு வைக்காத நாளா, நான் 'ம்' சொல்லாத நாளா?

பேனா இருக்கிறதா? என் பேனா அந்தப் பிரேக்கில் எங்கோ உருண்டுவிட்டது. இது போதும். வவுச்சர் எழுதுகிற பேனாவா? எழுதினால் சரி.

இந்த டிக்கை அடிக்க வேண்டும். அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், அது ஒரு விதி. எதற்கும் ஒரு விதி. மற்றக் கட்டத்தில் டிக். கீழே 'குறிப்பு' என்று இடம் விட்டிருக்கிறார்கள், இரண்டு வரி. 'கட்டுப்பாடு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் ம் என்றேன். அந்த ஒலிக்கு இப்படிப் பொருள் கொள்ளும்படி நான்கு மணி ஐம்பது நிமிடம் அவரைப் பழக்கியவன் நான்.' போதும். ஏசுவடியான், விங் கமாண்டர், ஓய்வு.

ஒன்று சொல்லிவிடுகிறேன், தப்பை ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நடந்ததை எழுதியிருக்கிறேன். இரண்டும் வேறு. அவளுக்காகவும் இல்லை. அதிகாரிகளிடம் இன்னொன்றும் சொல்லப்போகிறேன், எச்சுக்குப் பின்னால் ஒரு எம் போதும் என்று. நான் அவ்வளவு இழுத்துச் சொல்லவில்லை.

இனி என்ன ஆகும்? பூஜ்யத்திலிருந்து. மறுபடி ஐந்து மணி நேரம். மறுபடி இடது பக்கம். வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்றால், இந்த ரகத்துக்கு அனுமதி வாங்கிய பயிற்றுநர் அந்தப் பொட்டலில் அவள் ஒருத்திதான். கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் நான் என்ன செய்வது? வீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடுவதா? அறுபத்தொரு வயதில் ஒரு மனுஷனை இப்படிக் காக்க வைக்கிறதற்கும் ஒரு விதி இருக்கும். தேடினால் கிடைக்கும். ரூலாம் ரூல்!

போவோம். தொப்பூர்க் கணவாயைத் தாண்டிவிட்டால் அப்புறம் நேர் ரோடுதான்.

என்ன? மாற்றுப்பாதைக்கு ஒடிக்க இடது பக்கமா? இருங்கள், கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன். ஒரு மினி பஸ் வருகிறது. எடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு பைக், இரண்டு பேர். நில்லுங்கள். போய்விட்டார்கள். இப்போது ஒன்றும் இல்லை.

ஏன் எடுக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சரி. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், வாயைத் திறந்துதான் சொல்கிறேன். இடது பக்கம் வண்டி இல்லை. போலாம், ரைட்.